ஈயம்மாவின் முதல் புட்டி

என் சித்தியை அந்தக் கட்டடத்தில் எல்லோரும் ஈயம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரை வைத்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் போய்ச் சண்டை போட்டிருப்பேன். சித்திக்கோ துளி வருத்தமில்லை. அடையாள அட்டையில் இருக்கிற பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்க மாட்டார்.

உயிரியல் ஆய்வுக்கூடத்தின் மூன்றாவது மாடியில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், பழ ஈக்களை வளர்ப்பது அவர் வேலை. கனிந்த பழத்தை மொய்க்குமே, எள்ளளவு இருக்கும், அதே ஈதான். காலையில் வந்ததும் இரண்டு அடுப்பிலும் பாத்திரம் ஏறும். ஒன்றில் மாவுக் கூழ், இன்னொன்றில் சர்க்கரைப் பாகு. ஆறியதும் புட்டிகளில் ஊற்றி, ஈக்களை விட்டு, வாயைப் பஞ்சால் அடைப்பார். இடப்பக்க அலமாரிக்குக் கூழ், வலப்பக்கத்துக்குப் பாகு. எல்லாம் ஒரே கூட்டத்தில் பிறந்து, பிறகு பிரிக்கப்பட்ட ஈக்கள். எட்டு வருடத்தில், ஈக்கள் கணக்கில் கிட்டத்தட்ட இருநூறு தலைமுறை, ஒன்றுகூட அலமாரி மாறியதில்லை. தப்பிப் பறந்த ஈ எந்தப் பக்கத்தது என்று சொல்ல முடியாது என்பதால், கண்ணீர் விடாமல் அடித்துவிடுவார்.

சித்திக்குப் பிள்ளை இல்லை. அதை ஈக்களோடு முடிச்சுப் போட்டு யாராவது இரக்கமாகப் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவருக்கு அந்த வேலை பிடித்திருந்தது. அவ்வளவுதான்.

பிடிக்காதவர் ஒருவர் உண்டு, சித்தப்பா. கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். சித்தியின் சேலையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த ஈ ஒன்று, பிரித்து வைத்திருந்த கடிகாரத்துக்குள் போய் விழுந்ததிலிருந்து பகை. அந்தப் பகையோடு, ஆராய்ச்சி தொடங்கிய புதிதில், அதை நடத்தும் பேராசிரியரிடம் நேராகவே கேட்டுவிட்டார்.

"ஒரு உயிரினம் ரெண்டா பிரிய லட்சம் வருஷம் ஆகும்கிறீங்க. யாரும் கூட உக்காந்து பாக்கப் போறதில்ல. அப்புறம் அது தப்புன்னு எப்படி மேடம் காட்டுறது? தப்புன்னு காட்ட வழியே இல்லாத ஒண்ண நான் நம்ப மாட்டேன்."

சித்திக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பேராசிரியரோ, இதைக் கேட்கத்தானே இத்தனை நாள் ஆள் இல்லை என்று சொல்லி ஒரு தாளை எடுத்தார். லட்சம் வருடத்தைப் பார்க்க முடியாது, ஆனால் பிரிவின் முதல் படியைப் பார்க்கலாம் என்றார். வேறு வேறு உணவில், கலக்காமல் வாழும் ஈக்கள் போகப்போகத் தங்கள் பக்கத்திலேயே ஜோடி தேடும் என்பது அவர் கணிப்பு. இரண்டு பக்கத்தையும் ஒன்றாக விட்டுப் பார்க்கும்போது ஜோடிகள் பாதிக்குப் பாதி கலந்தே அமைந்தால், "நான் சொன்னது தப்பு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒரே உணவைத் தின்று வேறு வேறு புட்டிகளில் வளர்ந்த ஈக்கள் கலக்க வேண்டும், அவையும் கலக்காவிட்டால் உணவு காரணமில்லை என்று இன்னொரு வரியும் சேர்த்தார். சித்தப்பா சாட்சிக் கையெழுத்துப் போட்டார். அந்தத் தாள் எட்டு வருடமும் ஈ அறைக் கதவில் தொங்கியது.

இத்தனை காலத்தில் சித்தி கேட்டது ஒன்றே ஒன்று. கூழ் கிண்டிய கை ஒருநாள் ஜோடிகளை எண்ணவும் வேண்டும். பேராசிரியர் சரியென்று வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்த நாளும் வந்தது. ஒரு பக்க ஈக்களின் சிறகு நுனியில் சின்ன வெட்டு; அது எந்தப் பக்கம் என்பது புட்டிக்குப் புட்டி மாறும். அந்த விவரமும், எந்தப் புட்டியில் இரண்டு உணவின் ஈக்கள், எதில் ஒரே உணவின் ஈக்கள் என்பதும் பேராசிரியரின் மூடிய உறைக்குள் இருந்தன. எண்ணுகிறவர் ஒவ்வொரு ஜோடியிலும் வெட்டுள்ளது எது, இல்லாதது எது என்று மட்டும் எழுத வேண்டும். சித்தி புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்து, உருப்பெருக்கிக்கு முன்னால் உட்கார்ந்தார். முதல் புட்டியில் இருபது ஜோடிகளைக் குறித்தார். பிறகு பென்சிலைக் கீழே வைத்தார்.

"மேடம், என்ன இங்கருந்து எழுப்பி விட்ருங்க. அந்த வெட்டப் பாக்காமலே எனக்கு இதுங்களத் தெரியுது. கூழு ஈ விட்டவுடனே பஞ்சுப் பக்கம் ஏறும், பாகு ஈ கீழயே சுத்தும். நீங்க ஜெயிக்கணும்னு வேற இருக்கு எனக்கு."

பேராசிரியர் அவர் குறித்த தாளை வாங்கித் தள்ளி வைத்தார். யாரை உட்கார வைப்பது? மாணவர்கள் எல்லோருடைய பட்டமும் இந்த ஈக்களில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. சித்தியே ஆளைச் சொன்னார். சின்னச் சின்னதைப் பார்த்துப் பழகிய கண், ஈக்களில் எது எதுவென்று சுத்தமாகத் தெரியாது, பேராசிரியர் தோற்றால்தான் சந்தோஷம். சித்தப்பா கடையைப் பூட்டிவிட்டு வந்தார்.

மூன்று நாள் அவர் எண்ணினார். சித்தி வெளியே முக்காலி போட்டு, கழுவிய புட்டிகளையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார். டீ வாங்கிக்கொண்டு போன நான், பேசாமல் வாயை மூடிக்கொண்டு எண்ணியிருக்கலாமே என்று கேட்டுத் தொலைத்தேன். அவர் பார்த்த பார்வையில் டீ ஆறிப்போனது. இன்னொரு புட்டியைக் கழுவிவிட்டு அவரே, "எட்டு வருஷம் வீணாப் போயிடுமோன்னு பயமாத்தான்டா இருக்கு" என்றார்.

மூன்றாம் நாள் உறையைப் பிரித்து ஒப்பிட்டார்கள். பத்து ஜோடிக்கு ஏழு தன் பக்கத்திலேயே அமைந்திருந்தது. ஒரே உணவு தின்றவை பாதிக்குப் பாதி கலந்திருந்தன. சித்தப்பா கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"தோத்துட்டேம்மா" என்றார். அவர் முகத்தில் அவ்வளவு பெருமையை நான் பார்த்ததில்லை.

சித்தி அழுதார், சிரித்தார், மூக்கைச் சிந்தினார். பிறகு தன் முதல் புட்டியின் தாளையும் ஒப்பிடச் சொன்னார். அதுதான் தள்ளி வைத்தாயிற்றே, எதற்கு என்று பேராசிரியர் தயங்கினார். சித்தி விடவில்லை.

இருபதுக்குப் பதினெட்டு தன் பக்கம் என்றது சித்தியின் தாள். சித்தப்பாவின் எந்தப் புட்டியும் இருபதுக்குப் பதினைந்தைத் தாண்டவில்லை.

சித்தி அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் எதையும் மாத்தி எழுதல மேடம். கண்ணுக்குத் தெரிஞ்சதத்தான் எழுதினேன். கண்ணே ஆசப்பட்டிருக்கு."

"தெரியும்க்கா" என்றார் பேராசிரியர்.

சித்தி தாளை வாங்கி, கதவில் பழைய தாளுக்குக் கீழே தானே குத்தினார். கொஞ்சம் யோசித்து, பென்சிலை எடுத்து அடியில் கையெழுத்துப் போட்டார். ஈயம்மா என்று.