கஞ்சிப்பாசியின் எட்டாவது பலன்

மருமகள் வாங்கி வந்த மாத்திரை டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். கடற்பாசியில் செய்ததாம். பின்பக்கம் பலன்களின் பட்டியல். இந்த மாதிரிப் பட்டியல் எழுதுவதில் நானும் ஒரு காலத்தில் கைதேர்ந்தவன் என்பதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

யுத்த காலம். ராஜபாளையத்தில் ஒரு பருத்தி ஜின்னிங் பாக்டரியில் எனக்கு கிளார்க் வேலை. மதியம் ஆட்களுக்குக் கஞ்சி ஊற்றுவார்கள். அரிசிக்குத் தட்டுப்பாடு வந்ததும் முதலாளி ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து கஞ்சிப்பாசி என்கிற காய்ந்த கடற்பாசியை மூட்டை மூட்டையாக வரவழைத்தார். நாலு கை அள்ளிப் போட்டால் ஒரு அண்டாத் தண்ணீர் கூழாகிவிடும், அரிசி பேருக்குத்தான். மலையடிவார ஊரில் கடல் வாடை. முதலாளி வளர்த்த நாய் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. ஆட்களுக்கு அந்த வசதி இல்லை.

"பலனை எழுதி ஒட்டுலே. பத்து இருக்கணும்" என்றார் முதலாளி. ரத்தம் சுத்தமாகும், மலச்சிக்கல் போகும் என்று அவருக்குத் தெரிந்தது ஏழு. மிச்சம் மூன்றை நான் சேர்த்தேன். எட்டாவது: நாள்பட்ட இருமல் நிற்கும். கையெழுத்து அச்சுப்போல இருக்கிறது என்றார்கள், எனக்கும் பெருமைதான்.

ஜன்னல் இல்லாத கொட்டகையில் பஞ்சு அள்ளுகிறவர் ஞானமணி அக்கா. பஞ்சுத் தூசியில் அங்கே எல்லாருக்கும் இருமல்; அவருக்குக் கொஞ்சம் அதிகம். ஆஸ்பத்திரிக்குப் போக லீவு கேட்டிருந்தவர் என் மேஜைக்கு வந்தார்.

"எட்டாவதுல இருமல் நிக்கும்னு போட்டிருக்காமே, நெசமா?"

"ஆமாக்கா."

"அப்பம் லீவு வேண்டாம்."

ஒரு மாதம், மற்றவர்கள் மிச்சம் வைத்ததையும் வாங்கிக் குடித்தார். பிறகு ஒருநாள், இருமித் துடைத்த முந்தானையில் ரத்தம். அன்றே அவரிடம் போய், எட்டாவது நானாக எழுதியது என்று சொல்லிவிட்டேன்.

முந்தானையைச் சுருட்டி இடுப்பில் செருகினார். "வாசிக்கத் தெரியலையேன்னு எம்புட்டு நாள் வெக்கப்பட்டிருக்கேன். படிச்சவிய லட்சணம் இம்புட்டுத்தானா?"

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்து பிழைத்தார். கேள்விப்பட்ட முதலாளி, "பதினொண்ணாவதா, காசம் குணமாகும்னு சேத்துக்கோ" என்றார். மாட்டேன் என்றேன். வேலை போயிற்று. வாழ்க்கையில் நான் காட்டிய ஒரே வீரம், அதுவும் தாமதமாக.

கொட்டகையை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டிவிட்டார்கள். ஞானமணி அக்காவும் போய் வெகு காலமாயிற்று. சின்ன வயதில் அவர் சர்ச்சில் பாடினால் தெருவில் போகிறவர்களும் நின்று கேட்பார்களாம். அந்தக் குரலை நான் கேட்டதில்லை. நான் வேலைக்குச் சேரும்போதே அது போயிருந்தது.