கோழித் தலை பார்த்த பக்கம்

நாற்காலி மேல் ஏறி நின்று, பல்லிடுக்கில் டேப் துண்டுகளைக் கவ்வியபடி, விற்பனைப் பிரிவின் வாசலுக்கு மேலே சிவப்புத் தாள் ஒன்றை ஒட்டிக்கொண்டிருக்கிறார் யூலான் அக்கா. வாயைத் திறக்க முடியாது. கீழே நிற்பவரிடம் புருவத்தால் கேட்கிறார்: இடப்பக்கம் தாழ்ந்திருக்கிறதா? தாழவில்லை. ஆனாலும் பிரித்து, உள்ளங்கையால் நீவி, மறுபடி ஒட்டுகிறார். சுவரில் வண்ணம் உரியாத டேப் எது என்று மழைக்காலத்திலேயே பார்த்து வாங்கி வைத்தது அது.

தாளில் பொன் மையில் எழுதியிருப்பது, 'மாடும் பன்றியும் பெருகட்டும்.' புத்தாண்டுக்குப் பன்றிக் கொட்டிலில் ஒட்டுகிற வாசகம். மறுநாள் காலையில் விற்பனை மேலாளர் காப்பிக் கோப்பையோடு வந்து அண்ணாந்து பார்த்தார்.

"யூலான்! நாங்க என்ன பன்னியா?"

"எழுத்து அவ்வளவாத் தெரியாது சார் எனக்கு. சிவப்பா இருந்துச்சு, ஒட்டிட்டேன்."

"நீ எழுதினதுதானே இது?"

"அழகா இருக்கா இல்லியா, அதை மொதல்ல சொல்லுங்க."

அழகாகத்தான் இருந்தது. புத்தாண்டு பிறந்து பதினைந்தாம் நாள் வரும் விளக்குத் திருவிழா முடியும்வரை அதைக் கிழிக்கக் கூடாது என்று துப்புரவுப் பெண்ணிடம் மேலாளரே சொல்லி வைத்தார். அந்த ஆண்டு விற்பனையும் கொஞ்சம் கூடியது. பன்றிகளால்தான் என்றார் அக்கா.

கோ யூலான் ஐம்பதைத் தாண்டியவர். காங்ஷான் ஊரில், திருகாணி செய்யும் எங்கள் கம்பெனியில் பொதுப் பணி மேசை அவருடையது. கழிப்பறைத் தாள், அச்சு மை, மின்விளக்கு, சாவிக்கொத்து, விருந்தாளிக்குத் தேநீர், எல்லாம் அங்கிருந்துதான் வரும். தூரிகை பிடிக்க யாரும் சொல்லித்தரவில்லை. சந்தையில் புத்தாண்டு வாசகம் எழுதி விற்பவரின் பக்கத்தில், காய்கறிப் பையோடு நின்று நின்று, கை எப்படித் திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டதுதான். இன்றும் ஒரு கோடு சரியாக வரவில்லை என்றால் தாளைக் கசக்க மாட்டார். திருப்பி, பின்பக்கத்தில் அதே கோட்டை மட்டும் எழுதிப் பார்ப்பார்.

தேனிலவு முடிந்து வந்த ஏற்றுமதிப் பிரிவுப் பெண்ணின் மேசையில் தொலைபேசி, ஸ்டேப்ளர், பேனாக்கள், குண்டூசி டப்பா ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சிவப்புத் தாளில் பொதிந்து கிடந்தன. ஓரங்கள் கடையில் கட்டியதைவிட நேர்த்தியாக மடிந்திருந்தன. பிரிக்க மனமில்லாமல் அவள் பாதி நாள் பொதிந்த பேனாவாலேயே எழுதினாள். இன்னொரு முறை கணக்காளர் இழுப்பறையைத் திறக்க, ஆரஞ்சுப் பழங்கள் உருண்டோடி வந்து மடியில் விழுந்தன. வீணாகவில்லை. மதியத்துக்குள் அலுவலகமே உரித்துத் தின்றுவிட்டது.

குறும்புக்கு அக்கா ஒரு வரம்பு வைத்திருக்கிறார். "யாரைச் சீண்டுறோமோ அந்த ஆளுதான் மொதல்ல சிரிக்கணும். மத்தவங்க மொதல்ல சிரிச்சிட்டா அது வெளையாட்டில்ல, கேலி." கணக்காளரின் அப்பா மருத்துவமனையில் இருந்த ஆண்டு அவர் மேசைப் பக்கமே அக்கா போகவில்லை. அப்பா தேறி வீடு திரும்பியதும் கணக்காளரே வந்து கேட்டார்: "அக்கா, என் டிராயர்ல ஏன் ஒண்ணுமில்ல?"

இந்த ஆண்டு சிரிக்கக்கூடிய நிலையில் யாரும் இல்லை. ஆர்டர்கள் குறைந்து இரவு வேலை நின்றுவிட்டது. திருகாணியைச் சோதிக்கக் கேமரா வைத்த புது எந்திரம் வந்து இறங்கியது. அலுவலகத்தில் ஒருவர் போவார் என்று பேச்சு. தரச் சோதனை பார்க்கும் சுவாங் ஜின்ஃபாதான் அந்த ஒருவர் என்று எல்லாரும் நினைத்தார்கள். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவர் உட்பட.

ஆண்டு முடிவு விருந்தில் முழுக் கோழி வரும். அதன் தலை யாரைப் பார்க்கிறதோ அவருக்குப் புத்தாண்டுக்குப் பிறகு வேலை இல்லை என்பது பழைய வழக்கம். இப்போது யாரும் நம்புவதில்லை. ஆனாலும் அலகு தன் பக்கம் நின்றால் யாருக்கும் சோறு இறங்குவதில்லை.

விருந்துக்கு முந்தின நாள், அக்கா மேசை அலங்காரத்துக்குத் தாள் வெட்டிக்கொண்டிருந்தபோது ஜின்ஃபா வந்து நின்றார்.

"எனக்கு எந்த மேசை யூலானு?"

"எப்பவும் போல முதலாளி மேசைதாண்ணே."

"கோழி எந்தப் பக்கம் பார்க்கும்?"

"மேசை நடுவுல சுத்துற கண்ணாடித் தட்டு மேல வைக்கிறாங்க. எல்லாரையும்தான் பார்க்கும்."

"எங்கயாவது நின்னுதானே ஆகணும்," என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுபோனது. "வீட்டுக்காரி விருந்துக்குப் போக வேணாங்கறா. உடம்பு சரியில்லன்னு சொல்லிடவா?"

அக்காவின் கத்தரி நின்றது. ஜின்ஃபா திரும்பி நடக்கையில், "வந்துருங்கண்ணே," என்று அந்த முதுகைப் பார்த்துச் சொன்னார்.

செலவைக் குறைக்க, விருந்து இந்த முறை கேன்டீனில், மதியத்தில். அக்கா அதை ஏழ்மையாகத் தெரிய விடவில்லை. தூண்களுக்குச் சிவப்புத் தாள் சுற்றி, திருகாணி அனுப்பும் அட்டைப் பெட்டிகளைப் பட்டாசுச் சரம் போலத் தொங்கவிட்டிருந்தார். வெளியே போட்டிருந்த சமையல்காரரின் கூடாரத்துக்குள் ஒருமுறை போய்வந்தார். திரும்பும்போது கைகளைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

ஜின்ஃபா வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, மேல் பொத்தான் வரை போட்டு.

கோழி வந்தது. ஆவி விலகியது. தலை இல்லை. கழுத்து முடியும் இடத்தில் ஒரு கொத்து கொத்தமல்லி.

"தலை எங்கய்யா?" என்றார் விற்பனை மேலாளர்.

முதலாளி ஹோங் தன் சூப் கிண்ணத்தின் மூடியைத் தூக்கினார். உள்ளே கோழித் தலை, அவரைப் பார்த்தபடி. கழுத்தில் சிவப்புத் தாள் பட்டி, கண்களின் மேல் தாளில் வெட்டிய சின்னக் கண்ணாடி. முதலாளி போட்டிருக்கும் அதே சதுர வடிவம்.

ஒருவரும் சிரிக்கவில்லை. ஜின்ஃபா மேசை விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யார் வேலை?" என்றார் முதலாளி.

அக்கா எழுந்து நின்றார். ஆள் குறைப்பு என்றால் பொதுப் பணி மேசையைத் தொடுவதுதான் எல்லாவற்றிலும் சுலபம். அது அவருக்குத் தெரியாமல் இல்லை.

"நான்தான் முதலாளி. யாரோ ஒருத்தர் போகணும்னு பேச்சு. எல்லாரும் கோழி மூஞ்சியவே பார்த்துக்கிட்டிருந்தா சோறு எறங்குமா? அதான் தலையை உங்ககிட்டயே அனுப்பிட்டேன். என்ன சேதின்னு நீங்களே கேட்டுச் சொல்லிடுங்க."

"உன் பேரச் சொல்லிடுச்சின்னா?"

"போறேன். ஆனா அடுத்த வருஷம் வர்றவங்க தாளைக் கோணலா ஒட்டுவாங்க. தெனமும் பார்த்துப் பார்த்து உங்களுக்குத்தான் தலைவலி."

முதலாளி கோழித் தலையைச் சாப்பாட்டுக் குச்சிகளால் எடுத்தார். அதன் கண்ணாடியையும் தன் கண்ணாடியையும் தொட்டுப் பார்த்தார். தோள் குலுங்கியது முதலில், சத்தம் பிறகுதான் வந்தது. சிரித்து ஓய்ந்ததும் அந்தத் தலையைக் காதருகே கொண்டுபோனார். நெடுநேரம் கேட்டார்.

"யாரும் போகலையாம்," என்றார். அதில் விளையாட்டு இல்லை. "எந்திரம் பார்த்துத் தள்ளினதை மறுபடி பார்க்க ஆள் வேணுமாம். வயித்தைக் கட்டியாவது இந்த வருஷத்தைத் தள்ளணுமாம்." பிறகு தாளை உரித்துவிட்டு அந்தத் தலையை மொறுக்கென்று கடித்தார்.

மேசை அதிர்ந்தது. விற்பனை மேலாளர் பன்றியைப் போலவே கத்தினார். கோப்பைகள் மோதின, மேசை நடுவே கண்ணாடித் தட்டு சுழலத் தொடங்கியது. இறாலும் மீனும் கோழியும் ஆளுக்கு ஆள் கைமாறின. ஜின்ஃபா மட்டும் குச்சியைத் தொடாமல், சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார். தட்டுகள் அவரைக் கடந்து போய்க்கொண்டே இருந்தன. அவர் கிண்ணம் காலி.

கோழியின் தொடை அவர் முன்னால் வந்தபோது கண்ணாடித் தட்டு நின்றது.

"யாரு பிடிச்சிருக்கறது? சுத்த விடுங்கப்பா, எறா இங்க வரட்டும்!" என்றார் கணக்காளர்.

யூலான் அக்கா பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார். ஜின்ஃபாவின் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் அவருடைய ஒரு விரல் கண்ணாடித் தட்டின் விளிம்பை அழுத்திப் பிடித்திருந்தது. தொடை கிண்ணத்துக்குள் போகும்வரை எடுக்கவில்லை.