ஒரு சுண்டும் அரைச்சுண்டும்

மார்புக்கு அளவெடுப்பவளிடம் வரும் பெண்கள் முதலில் கதவைப் பூட்டச் சொல்வார்கள், பிறகு ஃபேனை நிறுத்தச் சொல்வார்கள், அதற்குப் பிறகுதான் வந்த விஷயத்தைச் சொல்வார்கள். மெசினோடு மாரடிக்கும் தையல்காரச் சகோதரிகளே, உங்களுக்குச் சட்டை பிழைத்தால் பிரித்துத் தைக்கலாம். என்னிடம் வருகிறவர்கள் புற்றுநோயில் ஒரு மார்பை இழந்தவர்கள். கொழும்பில் சிலிக்கோன் வைக்கப் போகிறவர்களுக்கு, துணிப்பையில் அரிசி நிரப்பி, பிராவுக்குள் வைத்துச் சில நாள் போட்டுப் பார்க்கக் கொடுப்பேன். டொக்டர்மார் மில்லிலீற்றரில் பேசுவார்கள். நாங்கள் அரிசி அளக்கும் பால்பேணியில், ஒரு தகரப் பேணி நிறைய என்றால் ஒரு சுண்டு என்ற கணக்கில் பேசுவோம்.

பழைய அளவு

பேசாலையிலிருந்து வந்த ஜசிந்தாவுக்கு இடது பக்கம் இல்லை. மருந்தில் ஆள் பாதியாய் மெலிந்திருந்தாள். தோல் மெல்லியது, பெரிதாக வைத்தால் தாங்காது, ஆனால் அளவை நீங்களே யோசித்துச் சொல்லுங்கள் என்று டொக்டர் அனுப்பியிருந்தார். நாடாவை வைத்துப் பார்த்தேன். ஒடுங்கிய நெஞ்சு, சின்னத் தோள். அரைச்சுண்டுதான் பொருந்தும், ஒரு சுண்டு வைத்தால் அக்குளுக்குள் பிதுங்கும் என்றேன். அவள் கேட்கவில்லை.

"எனக்கு என்ர பழையதுதான் வேணும் அக்கா. அது இன்னும் அங்கதான் இருக்கு. சொறிய ஏலாமக் கடிக்குது."

வெட்டியெடுத்த இடத்தில் இப்படி அரிப்பு வருவதுண்டு, கேள்விப்பட்டிருக்கிறேன். இருந்தாலும் அவள் வெறும் காற்றில் விரலை வைத்துச் சொறிந்து காட்டியபோது நாடாவைச் சுருட்டி வைத்துவிட்டு, ஒரு சுண்டு அளந்து பையில் போட்டேன்.

வண்டு

ஒரு சுண்டுப் பையோடு போனவள் அடுத்த கிழமையே வந்தாள். பை துடிக்கிறதாம். வாங்கிக் காதில் வைத்தேன். உண்மையாகவே உள்ளே ஏதோ அசைந்தது. பிரித்துக் கொட்டினால், கடல் ஈரத்தில் அரிசி முழுக்க வண்டு. எனக்கு உயிர் வந்தது. இதற்கா இப்படிப் பயந்தாய் என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"வண்டு எண்டால் சரி அக்கா. ஆனா நான் செபமாலை சொல்லேக்க மட்டும் ஏன் நிக்குது?"

கஞ்சி

புது அரிசி போட்டு, முக்கால் சுண்டுக்கு இறக்கிக் கொடுத்தேன். வண்டு வராமலிருக்க வெயிலில் வைக்கச் சொன்னது நான்தான். முற்றத்துச் சுளகில் காய்ந்த பையைக் கண்ட மாமியார், யாரோ கொடுத்த அரிசியை மருமகள் அங்கேயே மறந்துவிட்டாள் என்று எண்ணி அவிழ்த்துக் கஞ்சி காய்ச்சிவிட்டார். நல்ல ருசி என்று இரண்டாம் கோப்பையும் குடித்தாராம். எனக்குச் சிரிப்பு முட்டியது, ஜசிந்தாவின் முகத்தைப் பார்க்கும் வரை.

"மாமி குடிக்கக் குடிக்க எனக்கு இந்தப் பக்கம் பால் இறங்கினது."

கண்ணை மூடி

கொழும்புக்குப் போக முதல்நாள் கடைசித் தடவையாக வந்தாள். மறுபடியும் ஒரு சுண்டு என்று அடம். டொக்டரிடம் அதையே சொல்லி, தோல் வெடித்துவிட்டால்? கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன். வெறும் பையை அவள் பிராவுக்குள் வைத்து, கண்ணை மூடச் சொன்னேன். கரண்டி கரண்டியாக அரிசி போடுகிறேன், கடி நிற்கும் இடத்தில் சொல் என்றேன்.

அரைச்சுண்டு நிரம்பியது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். கடி நின்றுவிட்டதாம். கண்ணாடியைத் திருப்பினேன். இரு தோளும் ஒரே மட்டம், மெலிந்துபோன வலது பக்கத்துக்கு அச்சொட்டான இடது பக்கம். அவள் முதன்முதல் வந்த அன்றே நாடா சொன்ன அளவும் அதுதான். ஜசிந்தா பையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு அழுதாள்.

"பாவம் அக்கா, அதுவும் என்னோட சேர்ந்து மெலிஞ்சு போயிருக்கு."

ஆக, இருக்கிற உடம்பை அளக்க நாடா போதும், இல்லாததை அளக்க அரிசி வேண்டும், அந்த அரிசியை மட்டும் ஒருநாளும் உலையில் போடக்கூடாது.