அண்ணன் அனுப்பாத மெசேஜ்

"மெசேஜ் படிச்சிச் சொல்றதுக்குப் போயி பத்தாவது வரைக்கும் படிக்கணுமா இன்னா? அதுக்கு அஞ்சாவது போதுமே."

நான் பத்தாவதில் சேர்ந்த ஜூன் மாதத்தில் சித்தப்பா இப்படிக் கேட்டார். என்னிடம் அல்ல, அப்பாவிடம். அப்பா மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். அவருக்கும் அந்தச் சந்தேகம் இருந்திருக்கலாம். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் பத்தாவதைப் பார்த்ததில்லை. அண்ணன் ஏழாவதோடு நின்றவன். பள்ளிக்கூடத்தால் என்ன பயன் என்று யாராவது கேட்டால், எடுத்துக் காட்ட எங்களிடம் இருந்தது ஒன்றுதான்: வீட்டுப் போனில் வரும் மெசேஜை நான் தடுமாறாமல் படிப்பேன்.

வீடு திண்டிவனத்துக்குப் பக்கத்தில், ஒலக்கூரிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. அப்பாவும் அம்மாவும் பிறர் கழனியில் கூலி வேலை செய்தார்கள். வீட்டுக்குள் எங்கும் சிக்னல் கிடைக்காது, வாசல் நிலைக்கு நேர் மேலே மட்டும் கிடைக்கும். அந்த இடத்தில் அப்பா ஓர் ஆணி அடித்து, பால் கவருக்குள் போனைப் போட்டு மாட்டி வைத்திருந்தார். உள்ளே வருகிறவர்கள் எல்லோரும் அதற்கு ஒரு முறை குனிந்துவிட்டுத்தான் வரவேண்டும். மாலை போடாததுதான் பாக்கி.

அந்தப் போனில் நாங்கள் பேசியதே கிடையாது. பேசினால் காசு போகும். மணி அடிக்கும், நாங்கள் வேலையை நிறுத்திவிட்டு அதையே பார்ப்போம், தானாக நிற்கும். அவ்வளவுதான். சனிக்கிழமை சாயங்காலம் அடித்தால் அண்ணனுக்குக் கூலி வந்துவிட்டது. பண்டிகைக்கு முந்தின இரவு அடித்தால் பஸ் ஏறிவிட்டான். அடிக்கும் நேரத்தை வைத்தே அம்மா சொல்லிவிடுவார். மற்ற சங்கதி எல்லாம் மெசேஜில் வரும்.

அண்ணன் தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் கட்டட வேலையில் இருந்தான். கீழே நின்று கலவை போடுவதாகத்தான் எங்களிடம் சொல்லியிருந்தான். மெசேஜுக்குக் காசு போகாமலிருக்க ஒரு கார்டு போட்டு வைத்துக்கொண்டு, விடிந்தும் விடியாமலும் gud mrng என்று அனுப்புவான். இருட்டியதும் gn என்று இரண்டே எழுத்து, குட் நைட்டுக்கு. இரண்டுக்கும் நடுவே, யாரோ அவனுக்கு அனுப்பிய பொன்மொழி ஏதாவது எனக்கு வரும். புள்ளிகளால் வரைந்த ரோஜாப்பூ ஒன்று, அதற்குக் கீழே thnk +ve. அவன் எழுதுவது தமிழ்தான், ஆனால் இங்கிலீஷ் எழுத்தில், பாதியை விழுங்கிவிட்டு எழுதுவான். சாப்பிட்டியா என்பது sptya ஆகிவிடும். நான் tchr, அதாவது டீச்சர். பத்தாவதில் சேர்ந்த நாளிலிருந்து அவன் என்னை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

திண்டிவனத்தில் என் பள்ளிக்கூடத்துப் பெண்கள் நடுவில் இதனால் எனக்கு ஒரு மரியாதை உண்டு. சொந்தமாகப் போன் இல்லாமலே, எந்தச் சொல்லை எப்படிச் சுருக்க வேண்டும் என்று நான் தீர்ப்புச் சொல்வேன். ஒரு முறை கட்டுரையிலும் gud என்று எழுதிவிட்டேன். இங்கிலீஷ் மிஸ் அதைக் காட்டி, மீதி எழுத்தைச் சாப்பாட்டோடு சேர்த்துத் தின்றுவிட்டாயா என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அந்த வருடம் சித்தப்பாவும் ஓர் இங்கிலீஷ் சொல்லோடு வந்து சேர்ந்தார். விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில், டை கட்டிய ஒருவர் நடத்திய கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தவர், ஒரு பை நிறையப் பல்பொடியும் 'பாசிட்டிவ்' என்ற சொல்லும் கொண்டுவந்தார். பல்பொடியை விற்க முடியவில்லை. அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் இலவசமாக விட்டுவிட்டார். இனிமேல் வீட்டில் யாரும் 'இல்ல' என்ற சொல்லை வாயில் எடுக்கக்கூடாது என்றார். அம்மா முறத்திலிருந்து நிமிரவில்லை.

"அரிசி தீந்துபோனா நாங்க எப்பவும் நெறஞ்சிருக்குன்னுதான் சொல்றோம். இதுக்கா விழுப்புரம் வரைக்கும் பஸ்ஸுல போயிட்டு வந்த?"

சித்தப்பா அசரவில்லை. அவர் எல்லாவற்றிலும் பாசிட்டிவாக இருந்தார், என் படிப்பைத் தவிர.

எனக்கோ அவருடைய வழி சரிப்படவில்லை. எனக்கென்று ஒரு வழி இருந்தது, யாரிடமும் சொல்லாத வழி. கெட்டது எதுவானாலும் நாம் நினைக்காத பக்கத்திலிருந்துதான் வரும். அதனால் ஒவ்வொன்றையும் முன்கூட்டியே நினைத்துப் பயந்து வைத்துவிட்டால் அது நடக்காது. படுத்ததும் இந்த வேலையை ஆரம்பிப்பேன். அண்ணனை ரயில் அடிப்பது, நாய் கடிப்பது, டெங்கு வருவது, ரோட்டைக் கடக்கும்போது லாரி வருவது. ஒன்றையும் விடாமல் பயந்து முடித்தபிறகுதான் தூங்குவேன். வீட்டைக் காவல் காக்கும் பொறுப்பு என்னிடம் இருப்பதாக ஒரு எண்ணம். மறுநாள் gud mrng வந்ததும், நேற்றுப் பயந்ததற்குப் பலன் கிடைத்துவிட்டது என்று திருப்தியாக இருக்கும்.

மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கும் பருவத்தில் ஒரு சனிக்கிழமை இரவு gn வரவில்லை. ஞாயிறு விடிந்து, gud mrng-உம் வரவில்லை. கூலி வந்ததாக மணியும் அடிக்கவில்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று தோன்றியது. கூலிக்கு வாங்கிவந்த மல்லாட்டையை எல்லோரும் உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தோம். சித்தப்பாவும் இருந்தார். வெயில் ஏறிய பிறகு போன் ஒருமுறை கூவியது. ஓடிப்போய் எடுத்தேன். அண்ணனுடைய நம்பர்தான்.

சத்தமாகப் படித்தேன். "அன்புள்ள அப்பா அம்மாவுக்கு. நான் இங்கு நலமாக இருக்கிறேன். வேலை அதிகமாக உள்ளதால் சில வாரங்களுக்கு ஊருக்கு வர இயலாது. கவலைப்பட வேண்டாம்."

அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இயலாதுன்றான் பாரு. மெட்ராஸ்காரன் ஆயிட்டான்" என்று சிரித்தார். பாசிட்டிவாக இருந்தால் எப்படி ஆள் முன்னுக்கு வருகிறான் பாருங்கள் என்றார் சித்தப்பா. நான் மட்டும் வாசலில் நின்று அதை மறுபடி படித்தேன். இதுவும் இங்கிலீஷ் எழுத்துதான், ஆனால் ஒன்றுகூட விழுங்கப்படவில்லை. ரோஜாப்பூ இல்லை. டீச்சர் இல்லை. அண்ணனுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு வேறு யாரோ வாசலில் வந்து நிற்பது போல இருந்தது.

"இத அண்ணன் எழுதல" என்றேன்.

சித்தப்பா கையிலிருந்த மல்லாட்டையைக் கீழே போட்டார். "ஆரம்பிச்சிட்டியா? அவன் நம்பருலேர்ந்து வந்திருக்குது, நல்லா இருக்கேன்னு வந்திருக்குது. இதுக்கு மேல உனக்கு இன்னா வோணும்? இதான் நெகட்டிவ்வு. படிக்கிற புள்ளைங்களுக்குத்தான் இது ஜாஸ்தி."

அப்பா என்னைப் பார்த்த பார்வையில், கிடைத்த சந்தோஷத்தைக் கெடுக்காதே என்ற கெஞ்சல் இருந்தது. எனக்கு அழுகை வந்தது. என்னிடம் இருந்த ஆதாரத்தை எழுதப் படிக்கத் தெரியாத மூன்று பேருக்கு எப்படிக் காட்டுவது? குரல் மாறியிருந்தால் அவர்களுக்கே தெரிந்திருக்கும். இது குரல் மாறியதுதான், ஆனால் என் கண்ணுக்கு மட்டும் கேட்கிறது.

அம்மா உரிப்பதை நிறுத்தியிருந்தார். "அவன் எப்படி எழுதுவான்?" என்று கேட்டார்.

சொன்னேன். சாப்பிட்டியா என்பதைக்கூடப் பாதிதான் எழுதுவான், என்னைக் கேலி செய்யாமல் முடிக்க மாட்டான், நலம் என்ற சொல்லை அவன் வாயில் கேட்டதே இல்லை என்றேன்.

"நீ எதுனா கேட்டு அனுப்பு. எப்பவும் கேக்கறாப்புல."

sptya என்று அனுப்பினேன். இதற்கு அண்ணனிடமிருந்து எப்போதும் ஏதாவது குறும்பான பதில்தான் வரும். பிரியாணி என்பான், நீ சமைக்காததால் நன்றாக இருந்தது என்பான். போனைக் கையில் வைத்துக்கொண்டு, சிக்னல் போய்விடுமோ என்று நிலைக்குக் கீழேயே கையைத் தூக்கியபடி நின்றேன். கை வலித்தது. யாரும் மல்லாட்டை உரிக்கவில்லை. பதில் வந்தது.

"சாப்பிட்டேன். நன்றி."

நான் படித்து முடிப்பதற்குள் அம்மா எழுந்துவிட்டார். மடியிலிருந்த தோலெல்லாம் தரையில் சிதறியது.

"எம்புள்ள எனக்கு நன்றி சொல்ல மாட்டான்" என்றார். "யாரு வூட்டுப் புள்ள அது, அவன் போனை வச்சிக்கினு?"

எங்கள் ஊரில் சோறு போட்ட தாய்க்கு நன்றி சொல்கிற பிள்ளையைச் சித்தப்பாவும் பார்த்ததில்லை. அவருடைய பாசிட்டிவ்கூட அந்த இடத்தில் நின்றுவிட்டது.

நீங்கள் யார், என் அண்ணன் எங்கே, அம்மா அழுகிறார் என்று எழுதி அனுப்பினேன். எதையும் சுருக்கவில்லை. அம்மா அப்போது அழவில்லை. நான்தான் அழுதுகொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் போன் மணி அடித்தது. நாங்கள் நான்கு பேரும் அதைப் பார்த்தபடி நின்றோம். அடித்துக்கொண்டே இருந்தது. வழக்கம்போல நிற்கட்டும் என்று காத்திருந்தோம். நின்றது. அதற்குப் பிறகுதான் அப்பா, "இவ்ளோ நேரம் அடிக்கிறது மிஸ்டு காலா?" என்றார். யாரோ நிஜமாகவே எங்களோடு பேசுவதற்காகக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. மறுபடி அடித்தபோது, எந்தப் பொத்தானை அழுத்துவது என்று எனக்குத் தடுமாறியது.

"டீச்சரு" என்றது அண்ணன் குரல். "அழுவாத. கைதான். வேற ஒண்ணும் இல்ல."

சாரம் சரிந்து விழுந்திருக்கிறான். கீழே நின்று கலவை போடுபவன் சாரத்தில் எப்படி ஏறினான் என்று அப்பா கேட்கவேயில்லை. அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். இரண்டு கையும் உடைந்து கட்டுப் போட்டிருந்தார்கள். பேசினால் குரலை வைத்து அம்மா கண்டுபிடித்துவிடுவார் என்று பக்கத்தில் இருந்தவரை மெசேஜ் அனுப்பச் சொல்லியிருக்கிறான். நான் எத்தனையோ பயந்து வைத்திருந்தேன், சாரத்தை நினைக்கவில்லை. எனக்குத் தெரிந்த அண்ணன் தரையில் அல்லவா நின்றுகொண்டிருந்தான்.

அன்றைக்கே கிளம்பத் தயாரானார்கள். அப்பாவும் அம்மாவும் போனால் போதும், இவள் வீட்டைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று சித்தப்பா சொல்வார் என நினைத்தேன். அவர் என் செருப்பை எடுத்து முன்னால் போட்டார்.

"இதையும் கூட்டிக்கினு போங்க. போர்டு கீர்டு படிக்கணும். ஜல்தி, பஸ்ஸு போயிடும்."

ஆஸ்பத்திரியில் அண்ணன் இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு, யாரோ பிடித்துக்கொள்ளச் சொன்ன சாமானைப் பிடித்திருப்பவனைப் போல உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு இளைஞர் நின்றிருந்தார். வேலை நடக்கும் இடத்தில் புதிதாகச் சேர்ந்த இன்ஜினியராம். மெசேஜ் எழுதியவர் அவர்தான். என்னைப் பார்த்ததும் சங்கடமாகச் சிரித்தார். அண்ணனுக்குத்தான் ஆற்றாமை.

"எங்க வூட்டுல டீச்சர் படிக்கும் சார், தப்பு இல்லாம எழுதுங்கன்னு சொன்னேன். அப்பவும் கண்டுபுடிச்சிட்டியே."

அம்மா அப்போதுதான் அழுதார்.

அண்ணனை ஊருக்கு அழைத்து வந்தோம். கட்டுப் பிரிக்கும்வரை நான்தான் அவனுக்குக் கை. சோறு ஊட்டுவது அம்மா, மெசேஜ் நான். அவனோடு வேலை செய்த பையன்கள் விடியற்காலையில் ஒவ்வொருவராக gud mrng அனுப்புவார்கள். அதற்கு முன்பே அவன் விழித்து, ஆணியில் மாட்டியிருந்த அவனுடைய போனைக் கழற்றச் சொல்லி, யார் யாரிடமிருந்து வந்திருக்கிறது என்று பெயரைப் படிக்கச் சொல்வான். பாதித் தூக்கத்தில் படிப்பேன். எல்லோருக்கும் பதில் gud mrng அனுப்ப வேண்டும். சாயங்காலம் மறுபடி அதே வேலை, gn. ஒரு நாள் ஒருவனுடையது மட்டும் வரவில்லை. அண்ணன் டீயைத் தொடவில்லை. திரும்பத் திரும்ப, பார், பார் என்றான். எனக்குப் படிக்க வேண்டியது கிடந்தது. ஒரு குட் நைட்டுக்கா இந்தப் பாடு என்று எரிச்சலாகக் கேட்டேன். அவன் இன்னொரு முறை பார் என்றான். இருட்டி வெகுநேரம் கழித்து அந்த இரண்டு எழுத்து வந்தது. அதன்பிறகு சோறு கேட்டான். வீட்டிலேயே உட்கார்ந்திருப்பதில் பொழுது போகவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு புத்தகத்தை எடுத்தேன்.

ஒரு கட்டை விரல் சரியாக மடங்காமலே நின்றுவிட்டது. அண்ணன் சாரத்துக்குத் திரும்பவில்லை. திண்டிவனத்தில் ஒரு ஹார்டுவேர் கடையில் இருக்கிறான். நான் பத்தாவதைத் தாண்டினேன், திண்டிவனத்திலேயே கணக்கில் பட்டம் வாங்கினேன், பி.எட். முடித்தேன். சித்தப்பா இப்போது பெரிய போன் வைத்திருக்கிறார், அதில் தினமும் எனக்குப் பூ அனுப்புகிறார்.

கல்லூரிக்குப் போகும் வழியில் ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. ஒரு நாள் காலை பஸ் அங்கே நின்றது. சாரத்தின் அடியில் நாலைந்து பையன்கள், ஏறுவதற்கு முன்பு குனிந்து போனில் ஏதோ தட்டினார்கள். தட்டிவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஏறினார்கள். ஜன்னல் ஓரத்தில் இருந்த எனக்கு அப்போதுதான் புரிந்தது. gud mrng என்றால் ஏறப்போகிறேன். gn என்றால் இறங்கிவிட்டேன். அண்ணன் நாள் தவறாமல் எனக்கு அனுப்பியது அவ்வளவுதான். வாழ்த்து என்று நினைத்துப் படித்துவிட்டு, வீட்டைக் காப்பது என் பயம் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

போன திங்கட்கிழமை சென்னையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகச் சேர்ந்தேன். அன்று காலை வழியனுப்ப அம்மாவும் அப்பாவும் திண்டிவனம் ஸ்டேஷன் வரை வந்தார்கள். அண்ணன் அந்நேரத்துக்கே கடை திறக்கப் போய்விட்டிருந்தான். ரயில் வந்து நின்றது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவனுடைய நம்பருக்கு gud mrng என்று தட்டினேன். மீதி எழுத்தை விழுங்கித்தான் எழுதினேன். அனுப்பிவிட்டு ஏறினேன்.