அமராவதியின் சிரிப்பு

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஜவுளிக்கடை. பட்டுப் பிரிவில் அமராவதி நின்றால் வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்ப மாட்டார்கள். புடவையைத் தோளில் போட்டுக் காட்டி அவள் சிரிக்கும் சிரிப்பு அப்படி.

2008இல் அந்தச் சிரிப்பு கெட்டது. காலையில் நன்றாக இருக்கும் முகம் மத்தியானத்துக்கு மேல் தளர்ந்துவிடும். சிரித்தால் உதட்டோரம் மேலேறாமல், பல்லைக் காட்டிச் சீறுவதுபோல் இருக்கும். அந்த அம்மா மூஞ்சியைக் காட்டுகிறாள் என்று குறை வந்தது. முதலாளி அவளைப் புடவை மடிக்கும் உள்ளறைக்கு மாற்றினார். பிறகு இமை தொங்கியது. சோற்றை மெல்ல முடியாமல் போனது. கணவன் சின்னையன் குழையப் பிசைந்து ஊட்டினான்.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில்தான் நோயைக் கண்டுபிடித்தார்கள். உடம்பைக் காக்க வேண்டிய வெள்ளை அணுக்களே அவள் தசைக்கு எதிரான சரக்கைத் தயாரித்து ரத்தத்தில் விடுகின்றன என்றார் டாக்டர். மாத்திரை போதவில்லை. கழுத்தில் குழாய் செருகி, ரத்தத்தை மெஷினில் விட்டு, அந்தச் சரக்கு கலந்த மஞ்சள் நீரைப் பிரித்துவிட்டு மீதியை உள்ளே அனுப்பினார்கள். அடுத்த வாரம் அவள் முறுக்கைக் கடித்துத் தின்றாள். சின்னையன் வராந்தாவுக்குப் போய் அழுதான்.

ஒரு மாதம்தான். மறுபடி பழையபடி ஆனது.

"அந்தக் கெட்ட அணுவ மட்டும் வடிகட்டி எடுத்துட முடியாதுங்களா சார்?" என்று கேட்டான் சின்னையன்.

"அதுக்குத்தான் ஆராய்ச்சி நடக்குது. நம்ம கையில இப்ப இருக்கறது இவ்வளவுதாங்க."

மகள் இலக்கியாவின் கல்யாணத்துக்கு, மறுபடி மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்த கையோடு வரும் முகூர்த்தமாகப் பார்த்துக் குறித்தார்கள். சிதம்பரத்தில் மண்டப வாசலில் நின்று அமராவதி சம்பந்தி வீட்டாரைச் சிரித்தபடி வரவேற்றாள். மதியத்துக்குள் கன்னம் நடுங்கத் தொடங்கிவிட்டது. உள்ளே வந்து உட்காரச் சொல்லி இலக்கியா கையைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னிக்கி ஒரு நாளு சிரிச்சிக்கிறேன், வுடுடி."

2011 மழைக்காலத்தில் சளி பிடித்தது. நெஞ்சுத் தசையும் ஓய்ந்தது. மூச்சுக்கு வேறொரு மெஷின் வைத்தார்கள். தொண்டையில் குழாய் இருந்ததால் பேச முடியாமல் சின்னையனின் விரலைப் பிடித்துக்கொண்டே கிடந்தாள். ரத்தத்தை மறுபடி சுத்தம் செய்தும் இந்த முறை உடம்பு கேட்கவில்லை.

கடலூர் செம்மண்டலத்தில் இருந்த வீட்டுக்கு அவள் உடலைக் கொண்டுவந்தபோது இலக்கியா நிறைமாதம். பிள்ளைத்தாய்ச்சி சாவைப் பார்க்கக்கூடாது என்று சொந்தக்காரர்கள் வாசலிலேயே தடுத்தார்கள்.

"அவுங்க எங்க அம்மா," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.