உரைகல்லுக்கு வராத ராஜா காசு

தாலிக்குப் பொன்னுருக்கும் நாள். கரி கனிந்துவிட்டது. மூசைக் கிண்ணத்தில் போட வேண்டிய காசை உள்ளங்கையில் வைத்தேன். கனக்கவே இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் ஈப்போவில் எனக்குச் சின்ன நகைப் பட்டறை. ரப்பர் தோட்டத்துக் கங்காணி மாரிமுத்து மகள் கல்யாணத்துக்கு நான்தான் பத்தர். முதல் உலக யுத்தம் முடிந்ததும், ஆட்களை ஓடாமல் பிடித்து வைத்ததற்காகத் துரை அவருக்கு ராஜா தலை போட்ட நினைவுக் காசு கொடுத்திருந்தார். கங்காணி அதைக் கண்ணாடிச் சட்டத்தில் அடைத்து, முருகன் படத்துக்குப் பக்கத்தில் குங்குமம் வைத்துக் கும்பிட்டு வந்தார். போன மாதம், மகள் தாலிக்கு அதையே உருக்கலாமா என்று அவர் கேட்டபோது, சாமி மாடத்திலிருந்து எடுத்து உரச எனக்கு மனம் வரவில்லை. "பவுன்தான்" என்று சொல்லிவிட்டேன். யுத்தத்துக்காகச் சீமையிலேயே பவுனை வாங்கிக்கொண்டு காகித நோட்டுக் கொடுத்த சர்க்கார், கங்காணிக்குப் பொன் கொடுக்குமா என்று யோசிக்கவில்லை.

இப்போது ஓரத்தை உரைகல்லில் லேசாக இழுத்தேன். வெளுப்பாக விழுந்தது. முலாம்!

எதிரே பாகான் செராயிலிருந்து வந்த சம்பந்தி, மாப்பிள்ளையின் அப்பா. சொன்னால் ஏமாற்றினார்கள் என்று எழுந்து போவார். மூசையில் போட்டால் எல்லார் கண்ணுக்கும் தெரியும். முருகா என்றேன், மனசுக்குள்.

"என்னா பத்தரே, காச கையிலயே வச்சிருக்கீங்க? ராஜா தலைய உருக்கப் பயமா?" என்றார் சம்பந்தி. எல்லாரும் சிரித்தார்கள். அவரே தொடர்ந்தார்: "பயந்தான் லா! ராஜா காச உருக்குறது குத்தம். எவனாச்சும் ஸ்டேசன்ல போய்ச் சொன்னா, மாப்பிள்ள மணவறைக்குப் பதிலா லாக்கப்புல உக்காரணும். வேற பொன்னு கொண்டாங்க!"

நான் சட்டென்று காசைத் தட்டில் வைத்தேன். கங்காணியின் மனைவி காதுத் தோட்டைக் கழற்றி நீட்டினார். அசல் பொன். மூசையில் அது உருகி மின்னியபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

சம்பந்தி வீட்டார் போனதும் கங்காணியைத் தனியே அழைத்து, கையைப் பிடித்துக்கொண்டு உண்மையைச் சொன்னேன். தோட்டை நானே புதிதாகச் செய்து தருகிறேன் என்றேன். அவர் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"துரை நம்மள வருசம் பூரா உரசிப் பாத்துட்டாரு பத்தரே. நாமதான் அவர ஒரு தடவகூட உரசல," என்று சிரித்தார்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அதன்பின் சாமி மாடத்திலிருந்து வந்த பொன்னையும் கும்பிட்டுவிட்டு உரசித்தான் பார்த்தேன். முருகன் கோபிக்கவில்லை.