அவர் வாசலில் நின்றது நானில்லை

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். எனக்கு நடந்ததை அப்படியே எழுதுகிறேன். ஒரு வார்த்தைகூட கூட்டவில்லை.

மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பது என் வேலை. டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் ஒருவரை நான்கு வருடம் காதலித்தேன். சண்டை எதுவும் வரவில்லை. நடுவில் இன்னொருத்தியும் வரவில்லை. அவருக்கு என்மேல் இருந்த ஆசை வடிந்துவிட்டது, அவ்வளவுதான். கடைசியாக ஒருநாள் மாலை, கொட்டும் மழையில் அவர் வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடி. "ஒரே ஒரு தடவ பேசிட்டுப் போயிடறேன்" என்று கதவைத் தட்டினேன். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தைக் கூட்டி வைத்தார். கதவு திறக்கவில்லை.

அன்றோடு சரி. நம்பரை அழித்தேன். அழுது தீர்த்தேன். இரண்டு மாதத்தில் பசி திரும்பியது, தூக்கம் திரும்பியது. தேறிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அவருடைய அக்கா கடைக்கு வந்தார். தம்பியோடு அதே வீட்டில் இருப்பவர். என்மேல் பிரியமானவர். கண் பார்க்க வரவில்லை.

"ஏண்டி, உனக்கு மானம் ரோஷம் இல்லையா? தினம் சாயங்காலம் வந்து வாசல்ல நிக்கிறியே..."

"நானா? அந்தத் தெருப் பக்கம் வந்தே ரெண்டு மாசம் ஆச்சுக்கா."

அக்கா போனை நீட்டினார். கதவில் இருக்கும் சின்னத் துவாரம் வழியாக எடுத்த வீடியோ. நான்தான். ஈரத் தலையோடு, தரையைப் பார்த்தபடி. நேரம், முந்தின நாள் மாலை 6.20.

அதே 6.20க்குக் கடையில் ஒரு வாத்தியாருக்குக் கண் பார்த்துக்கொண்டிருந்தேன். பதிவேட்டைக் காட்டினேன். அக்கா வீடியோவை மறுபடி ஓட்டிப் பார்த்தார்.

"ஒரு மாசமா மழையே இல்லையேடி..." என்றார் மெல்ல.

அன்று மாலையே அக்காவோடு போனேன். மணி 6.14. படியேறினோம். இரண்டாவது மாடியில் அக்கா நின்றுவிட்டார்.

"எனக்குக் கால் வரல. நீ போய்ப் பாரு."

6.19. படியெல்லாம் ஈரம். காலடித் தடங்கள்... ஏறிப் போனவை மட்டும். இறங்கியது ஒன்றுகூட இல்லை.

டொக்... டொக்... டொக்...

எட்டிப் பார்த்தேன்.

முதுகு தெரிந்தது. பச்சைச் சுடிதார். அந்த மழை நாளில் நான் போட்டிருந்த, பிறகு பழைய துணியோடு கொடுத்துவிட்ட சுடிதார். நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர்...

"ஒரே ஒரு தடவ பேசிட்டுப் போயிடறேன்..."

என் குரல்!

உள்ளே டிவி சத்தம் கூடியது.

ஓடத்தான் நினைத்தேன். ஆனால்... அதைப் பார்க்க அவ்வளவு பாவமாக இருந்தது.

"வா..." என்றேன். "போலாம். அவரு திறக்க மாட்டாரு."

தட்டுவது நின்றது.

அது திரும்பவில்லை.

"நீ போ" என்றது. "நான் இருக்கேன்."

எப்படிக் கீழே இறங்கினேன்... தெரியாது.

அடுத்த வாரமே அவர்கள் ஊரின் மறுகோடிக்கு வீடு மாறிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். எட்டு மாதம் கழித்து ஒரு பஸ் ஸ்டாப்பில் அக்காவைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் இரண்டடி பின்னால் போனார்.

"இன்னும் வருதாக்கா?"

"புது வீட்டுக்கும் வந்துச்சு. இப்ப வர்றதில்ல." சுற்றுமுற்றும் பார்த்தார். "அவன் கதவத் திறந்துட்டான்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நொடி எனக்கு வந்தது பயமில்லை. பொறாமை.

"ராப்பகலா ரூமுக்குள்ள பேசிட்டே இருக்கான். சிரிக்கிறான். சாப்பாட்ட ரெண்டு தட்டுல வைக்கச் சொல்றான்..."

பஸ் வந்தது. அக்கா ஏறவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவன் எலும்பும் தோலுமா ஆயிட்டான். ஆனா... ரெண்டு தட்டும் காலியாகுதுடி."